எங்கள் வீட்டில் லைட்டை அணைக்கக் கூடாது

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்கள் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவேன்: எந்த சுவிட்சையும் அணைக்காதீர்கள். சிலர் சிரிப்பார்கள். சிலர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஊரெல்லாம் கரண்டைச் சிக்கனம் பண்ணச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தும்போது, பட்டப்பகலில் ஏழெட்டு பல்பை எரியவிட்டு உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். எனக்கு அதில் கவலையே இல்லை. இது நாங்களே உண்டாக்குகிற கரண்ட்.

கண்டிப் பக்கம் மடுல்கெல்லவுக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் எங்கள் காணி இருக்கிறது. கரண்ட் கம்பம் கீழே ரோட்டோடு நின்றுவிட்டது. மேலே கொண்டுவர வேண்டுமென்றால் யார் யாருடைய நிலத்தையோ தாண்ட வேண்டும், அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் ஓடை இருக்கும்போது இந்தக் கெஞ்சல் எதற்கு என்று நான்தான் முதலில் கேட்டேன். என் கணவர் மோட்டார் திருத்துகிறவர். இப்படி ஒரு கிறுக்கு யோசனை கிடைத்தால் சோறு தண்ணீர் மறந்துவிடுவார். மலையில் விழுகிற தண்ணீரை மேலே ஒரு தொட்டியில் தேக்கி, பைப்பில் இறக்கி, ஒரு சின்னச் சக்கரத்தின் மேல் பாய்ச்சினோம். சக்கரம் சுற்றினால் கரண்ட். கண்டி டவுனே இருண்டு கிடந்த நாட்களிலும் என் தையல் மெஷின் ஓடியது. இதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்ள எனக்கு வெட்கமே கிடையாது.

ஒரே ஒரு சங்கடம். தண்ணீர் பாய்ந்துகொண்டே இருப்பதால் கரண்டும் வந்துகொண்டே இருக்கும். வருகிறதை எதுவாவது தின்ன வேண்டும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் சுமை இல்லாத சக்கரம் கண்மண் தெரியாமல் சுற்றும்; கரண்ட் எகிறி, மிச்சம் எரிகிற பல்பைச் சுட்டுத் தள்ளிவிடும். அதனால் மிஞ்சுகிற கரண்டுக்கென்று வீட்டுக்குப் பின்னால் ஒரு பீப்பாய்த் தண்ணீருக்குள் ஹீட்டரைப் போட்டு வைத்திருக்கிறோம். எந்நேரமும் வெந்நீர். ஆனால் அது மட்டும் போதாது, லைட்டுகளும் எரிந்தால்தான் சக்கரம் அடங்கி ஓடும்.

இந்த வீட்டுக்குத்தான் அப்பா வந்தார். அம்மா போன பிறகு அவர் கண்டியில் தனியாக இருந்தார். பாத்ரூமில் ஒருமுறை வழுக்கி விழுந்ததோடு, இனித் தனியாக விடுவதில்லை என்று நானும் தம்பியும் முடிவு பண்ணினோம். தம்பி கொழும்பில் இருக்கிறான். மாடி வீடு, லிஃப்ட், பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. அவனும் கூப்பிட்டான், நானும் கூப்பிட்டேன். கடமை, கிடமை என்று நான் அலங்காரம் பண்ண விரும்பவில்லை. அப்பா என்னோடு இருந்தால் எனக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

"பொங்கல் வரைக்கும் இருந்து பாக்குறேம்மா. சரிவரலேன்னா தம்பிகிட்ட போயிடுறேன்" என்றார்.

அப்பா மாநகரசபையில் கிளார்க்காக இருந்தவர். ஆபீஸில் கடைசி ஆளாக எழுந்து லைட், ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் வருவார். வீட்டிலும் அதே சட்டம்தான். ஆளில்லாத அறையில் லைட் எரிந்தால் அன்றைக்கு எங்கள் பாடு திண்டாட்டம். அப்படிப்பட்ட மனிதரை உட்கார வைத்து, சக்கரத்தின் கதையை நானும் கணவரும் மாறி மாறி விளங்கப்படுத்தினோம். தலையை ஆட்டினார். தலைக்குப் புரிந்தது கைக்குப் புரிய வேண்டாமா?

"ரூம்ல யாருமில்ல, லைட் எரியுதும்மா."

"எரியட்டும்ப்பா."

"பாத்ரூம்லயும் எரியுது."

"அதுவும் எரியட்டும்."

கதிரையில் உட்கார்ந்து, தன் பையிலிருந்து யாரோ காசை எடுப்பதுபோல அந்த பல்பையே பார்த்துக்கொண்டிருப்பார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மார்கழிக் குளிரில், பீப்பாய் நிறைய வெந்நீர் கொதிக்க, இவர் மலையிலிருந்து பீலி வழியாகக் கொட்டுகிற பச்சைத் தண்ணீரில் போய்க் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்கு எதுக்கும்மா வீணா?" என்றார்.

"வீணாப் போறதுலதாம்ப்பா குளிக்கச் சொல்றேன்" என்றேன். கேட்டால்தானே.

ஒருநாள் தைத்து முடித்த ஸ்கூல் யூனிஃபோர்ம்களைக் கொடுக்க நான் வத்தேகமவுக்குப் போயிருந்தேன். கணவர் கீழே ரோட்டோரத்துப் பட்டறையில் இருந்தார். வீட்டில் அப்பா மட்டும். நான் திரும்பி வரும்போது கணவர் தண்ணீரை அடைக்க மலையில் ஓடிக்கொண்டிருந்தார். சக்கரம் கத்துகிற சத்தம் பாதைக்கே கேட்டது. நடந்தது இதுதான்: யாருக்கும் உதவாமல் தண்ணீர் கொதிப்பதைப் பார்த்துப் பார்த்துத் தாங்காமல் அப்பா முதலில் ஹீட்டர் சுவிட்சை அணைத்திருக்கிறார். பிறகு ஒவ்வோர் அறையாகப் போய் லைட்டையெல்லாம் அணைத்திருக்கிறார். மிஞ்சியது அவருடைய அறை பல்பும், கண்டியிலிருந்து அவர் கையோடு கொண்டுவந்த ரேடியோவும். இரண்டும் கருகிப் போயின.

உள்ளே போனபோது ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான் இருந்தா வீட்டையே கொளுத்திருவேன். தம்பிய வரச் சொல்லு."

கணவர் மூச்சிரைக்க இறங்கி வந்தார். "இது ஒங்க தப்பில்ல மாமா. அணைக்கக் கூடாத எடத்துல சுவிட்ச் வச்சது நான்தானே" என்றார். அன்றைக்கே அந்த சுவிட்சைக் கழற்றி, ஹீட்டரை நேராகவே இணைத்துவிட்டார். அப்பா அதைப் பார்த்தும் அசையவில்லை. தம்பிக்கு அவரே போன் பண்ணினார். ஞாயிற்றுக்கிழமை காரோடு வருகிறேன் என்றான் அவன். அப்பா துணிகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினார்.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஒரு பல்புக்காகவாப்பா போறீங்க?" என்று கேட்டேன்.

"எனக்கு இங்க என்னம்மா வேல?"

"ஒரு வேலயும் இல்ல. நாங்க படிக்கணும்னு ஒங்களுக்குன்னு ஒரு நல்ல சட்ட வாங்கல, பஸ் ஏறாம நடந்தீங்க, எல்லாத்துலயும் மிச்சம் புடிச்சீங்க. போதும்ப்பா. இங்க தாராளமாக் கெடக்கு. வெந்நில குளிங்க, ரேடியோ கேளுங்க, கால் வலிச்சா சூடு வைங்க. நீங்க செலவழிக்கிறதப் பாக்க எனக்கு ஆசையா இருக்கு."

அவர் துணியை மடித்துக்கொண்டே இருந்தார். நானும் அதற்கு மேல் கெஞ்சவில்லை. கெஞ்சுவது எனக்கு வராது.

மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த நாள் பீலிப் பக்கம் ஆளைக் காணோம். பின்னால் எட்டிப் பார்த்தேன். பீப்பாயிலிருந்து வாளியில் வெந்நீர் மொண்டு கொண்டிருந்தார். நான் பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் வந்துவிட்டேன். சாயந்திரம், ரேடியோவைத் திருத்த முடியுமா என்று கணவரிடம் கேட்பது காதில் விழுந்தது. ஆனாலும் பை கட்டிலின் மேல் கட்டியபடியே இருந்தது, நானும் எதையும் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி காரைக் கீழே ரோட்டில் விட்டுவிட்டு ஏறி வந்தான். வந்ததும் வராததுமாக, "ரெடியாப்பா? பைய நான் எடுக்குறேன்" என்றான்.

அப்பா குளித்து, தலை வாரி, வாசல் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

"அவ்வளவு தூரத்துல இருந்து வந்துட்டு ஏண்டா அவசரப்படுற? குளிச்சிட்டு வா, வெந்நி இருக்கு. அடுத்த லீவுக்கு மருமகளையும் புள்ளைங்களையும் கூட்டிட்டு வந்து ஒரு கெழம தங்கு. எங்களுக்கு இங்க கரண்ட செலவழிக்க ஆள் பத்தல."

தம்பி என்னைப் பார்த்தான். நான் குசினிக்குள் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு, அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன்.