எழுபத்திரண்டு பேரில் எட்டு பேர்

அடுத்தவர் போனைத் திறந்தாரா, திறக்கவில்லையா என்று எண்ணிச் சம்பளம் வாங்குவதைப்போல் ஊர் வாயில் விழுகிற வேலை வேறில்லை. உங்கள் ஆபீசிலும் இப்படி ஒரு ஆப் வந்திருக்கும். "இனிமேல் எல்லாம் இதில்தான்" என்று சொல்லியிருப்பார்கள். அப்புறம் என்னைப்போல ஒருத்தி உங்கள் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றிருப்பாள். உங்கள் சாபம் எனக்குத் தெரியும். என் கதையையும் கொஞ்சம் கேளுங்கள். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி திருச்செங்கோடு போகிறேன். அங்கே போர்வெல் போடும் கம்பெனி ஒன்று. எட்டு ரிக் வண்டிகள், வண்டிக்கு ஒன்பது ஆட்கள். ஆயுத பூஜைக்குள் முக்கால்வாசிப் பேர் ஆப்பில் பேசவேண்டும், இல்லாவிட்டால் ஆப்பையும் தூக்கிவிடலாம், அதை எண்ணுகிற ஆளும் வேண்டாம் என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார். எண்ணுகிற ஆள் நான்தான். இரண்டு வருடத்தில் இது மூன்றாவது வேலை. இன்னொரு தடவை வீட்டில் போய் "விட்டாச்சு" என்று சொல்ல எனக்கு முகமில்லை.

பச்சைப் புள்ளி

ஆப்பைத் திறந்து வைத்திருப்பவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். ஸ்டோர் பார்க்கும் பழனியப்பன் அண்ணனுக்குக் காலையில் எரிந்தால் சாயங்காலம்தான் அணையும். முதல் மாத ரிப்போர்ட்டில் அவர் பெயரைக் கட்டம் கட்டிப் போட்டேன். அவரைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்ளட்டும் என்று மீட்டிங்கிலும் சொன்னேன்.

அடுத்த வாரம் ஒரு வண்டிக்குப் பாறை துளைக்கும் பிட் அனுப்பச் சொல்லி ஆப்பில் மூன்று தடவை செய்தி வந்தும் ஸ்டோரிலிருந்து ஒன்றும் போகவில்லை. நேரில் போனேன். அவருடைய போன் சார்ஜரில் மாட்டி, ஆப் திறந்தபடி, அலமாரியில் கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றது. அண்ணன் எதிர்மூலையில் துண்டுச்சீட்டைப் பார்த்து நட்டு எடுத்துக்கொண்டிருந்தார். என்ன அண்ணா இது என்றேன்.

"தொறந்து வெக்கோணும்னு சொன்னீங்க, தொறந்து வெச்சிருக்கறனுங்க. படிக்கோணும்னு நீங்க சொல்லவே இல்லீங்களே."

கட்டைவிரல்

சரி, திறப்பதை எண்ணினால்தானே இந்த வம்பு, இனிமேல் பதில் போடுவதை எண்ணுகிறேன் என்று அறிவித்தேன். மறுநாள் விடிந்ததும் ஆபீஸ் குரூப்பில் தாமரை, குத்துவிளக்கு, மயில்மேல் முருகன் எல்லாம் வரிசையாக வந்து இறங்கினார்கள். என் கணக்கு கிடுகிடுவென்று ஏறியது. முதலாளிக்கு ஒரு வாரம் ஏக சந்தோஷம்.

இதில் எல்லோரையும் முந்தியவர் டெலிபோன் பார்க்கும் கோகிலா அக்கா. எந்தச் செய்தி வந்தாலும் ஒரு நிமிடத்துக்குள் கட்டைவிரலை உயர்த்திவிடுவார். கம்ப்ரசர் நின்றுபோச்சு என்று ஒரு வண்டி எழுதியது, கட்டைவிரல். டிரைவரின் மாமியார் தவறிவிட்டார் என்று இன்னொரு வண்டி எழுதியது, அதற்கும் கட்டைவிரல். டிரைவர் கோபத்தில் எனக்குப் போன் போட்டுவிட்டார். படித்துப் பார்த்துவிட்டுப் போடக்கூடாதா அக்கா என்று கெஞ்சினேன். கோகிலா அக்கா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"படிச்சுப்போட்டுப் போட்டா நேரமாயிருதுங்க."

சமையல்காரர் கை

ஆபீஸ் கதை இப்படி என்றால் வண்டிக்காரர்கள் கதை வேறு. முதலாளி கேட்ட முக்கால்வாசிக் கணக்கு அவர்களை வைத்துத்தான். வண்டிக்கு ஒன்பது பேர் இருக்க, எட்டு வண்டியிலும் வண்டிக்கு ஒரே ஒரு ஆள்தான் ஆப்பில் எழுதினார். ஆயுத பூஜைக்குப் பத்து நாள்தான் இருந்தது. ஒரு வண்டி மோகனூர்ப் பக்கம் வாழைத் தோட்டத்தில் நின்றது. பட்டியலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அந்த வண்டியில் எழுதுகிறவர் வெள்ளையன் என்று ஆப் சொன்னது. குழி எத்தனை அடி போயிருக்கிறது, எத்தனை ராடு இறக்கியாச்சு, எந்த பிட் தேய்ந்துவிட்டது என்று அத்தனையும் அவர்தான் எழுதுவார். கெட்டிக்கார டிரில்லர் என்று நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் வெள்ளையன் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். சமையல்காரர். டிரில்லர் செங்கோடன் அண்ணன்தான் விளக்கம் சொன்னார். ஆப் வந்த புதிதில் அவர் தன் போனில் "குழி ஆரம்பம்" என்று எழுதியிருக்கிறார். தொடர்ந்து மூன்று குழியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, பாறைத்தூள்தான் புகையாகக் கிளம்பியிருக்கிறது. நாலாவது குழிக்கு வெள்ளையன் போனில் எழுதிப் பார்த்தார்களாம். இருநூறு அடியிலேயே தண்ணீர் பீய்ச்சி அடித்துவிட்டது. கைராசிக்காரர் போனை விட்டுவிட்டு வேறு போனில் எழுத யாருக்குத் துணிச்சல் வரும்? இந்தச் சேதி மற்ற ஏழு வண்டிக்கும் போய், அங்கேயும் ஆளுக்கு ஒரு கைராசிக்காரரைத் தேடிப் பிடித்துவிட்டார்கள். சேதி போனதும் அந்த ஆப் வழியாகத்தான். உங்கள் போனிலும் ஒரு வரி எழுதுங்கள் அண்ணா, என் வேலை போய்விடும் என்று கேட்டேன். அவர் தோட்டத்துக்காரர் உட்கார்ந்திருந்த கட்டிலைக் காட்டினார்.

"நீங்க வேணும்னா உங்க போன்ல எழுதுங்க அம்மிணி. பொகை கெளம்புச்சுன்னா அவருக்கு நீங்களே பதில் சொல்லிக்கோணும்."

சுத்தியல் சிக்கிய நாள்

ரிப்போர்ட் கொடுக்கும் நாளுக்கு முந்தின நாள் பழனியப்பன் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். வண்டிக்காரர்களிடம் சொல்லி எல்லாப் போனிலும் ஒரு முருகனை அனுப்பச் சொன்னால் முடிந்தது என்றார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் செங்கோடன் அண்ணன் முகம் நினைவுக்கு வந்தது. யாருக்காவது குழி பொய்த்துவிட்டால் காலத்துக்கும் என் பெயரைச் சொல்வார்கள். எழுபத்திரண்டு பேரில் எட்டு பேர் என்றே எழுதி மறுநாள் எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். அவர் தாளை வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கும்போதே மேஜைமேல் ஆப் திறந்திருந்த கம்ப்யூட்டர் கத்த ஆரம்பித்தது. ராய்ச்சூர்ப் பக்கம் போயிருந்த வண்டியில், நானூறு அடி ஆழத்தில், பாறையை உடைக்கும் சுத்தியல் சிக்கிக்கொண்டது. விட்டால் ராடும் சேர்ந்து குழிக்குள்ளேயே போய்விடும்.

முதல் பதில் வெள்ளையன் போனிலிருந்து குரலாக வந்தது. பின்னால் குக்கர் விசில் அடித்தது, பேசியது செங்கோடன் அண்ணன்: பின்பக்கமாகத் திருப்பிவிடாதே, ராடு கழன்றுகொள்ளும். அடுத்த வண்டியிலிருந்து இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள்: காற்றை நிறுத்தாதே, மெதுவாக மேலும் கீழும் ஆட்டு. இன்னொரு போனில் நாலு குரல், அதிலேயே ஒருவர் மற்றவரைத் திட்டிக்கொண்டு. எட்டு போனும் மாறி மாறிப் பேசின. ஒரு மணி நேரத்தில் ராய்ச்சூரிலிருந்து ஒரு படம் வந்தது: சேறு அப்பிய சுத்தியல், சுற்றிலும் ஒன்பது பேர், எல்லோருக்கும் பல் தெரிந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முதலாளி என் தாளை மறுபடியும் எடுத்துப் பார்த்தார்.

"போனை எண்ணிக்கிட்டு வந்து ஆளை எண்ணுனேங்கறீங்க. ஆப்பு இருக்கட்டும், நீங்களும் இருங்க சாமி. எண்ணறதை மட்டும் மாத்திப்போடுங்க."

வேலை தங்கியது, இப்போது குரல்களை எண்ணுகிறேன். ஆனால் அந்தத் தாளின் பின்பக்கத்தில், ஆப்பில் இதுவரை ஒரு வரிகூட எழுதாதவர்கள் என்று அகர வரிசையில் அச்சடித்த பட்டியலில் முதல் பெயர் அமுதா என்றிருந்ததையும், அமுதா என்பது நான்தான் என்பதையும் முதலாளி தாளைத் திருப்பிப் பார்க்காததால் இன்றுவரை யாரும் எண்ணவில்லை.