பேச்செல்லாம் கேட்டது, விரல் அசையவில்லை

தைப்பிங்கில் மழைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஏறக்குறைய தினமும் பிற்பகலில் வந்துவிடும். "மழைக்கு முன்னால் வருகிறேன்", "மழைக்குப் பின்னால் பார்ப்போம்" என்றுதான் இங்கே தவணை சொல்லுகிறார்கள். எங்கள் ஊரான பாளையங்கோட்டையில் வெயிலுக்குப் பயந்து எல்லாரும் கதவடைத்துக் கிடக்கும் அந்நேரத்தில், இங்கே சாக்கடை நுரைத்து ஓடும். என் கணவருக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை. மகள் கிரேஸ் பிறந்து சில மாதங்கள் ஆகியிருந்தபோது, அப்படியொரு மழைப் பிற்பகலில் எனக்கு அது முதன்முதலாக வந்தது.

பிள்ளை முந்தின இரவு முழுக்க அழுததால் எனக்குத் தூக்கமே இல்லை. அவளைக் கட்டிலில் பக்கத்தில் போட்டுக்கொண்டு மல்லாந்து படுத்தேன். கண் திறந்தபோது கூரையும், கொசுவலையின் கிழிசலும், மழைச் சத்தமும் தெளிவாக இருந்தன. எழ நினைத்தேன். உடம்பு எழவில்லை. கை இருந்த இடத்தில் இருந்தது. நான் சொன்னது அதற்குப் போய்ச் சேரவில்லை. நெஞ்சின்மேல் நெல்மூட்டையை இறக்கியது போல ஒரு கனம். வாசற்படியில் யாரோ நிற்கிறார்கள் என்பது நிச்சயமாகத் தெரிந்தது. முகமில்லை, நிற்பது மட்டும் தெரிந்தது. பிறகு அது கட்டிலை நெருங்கியது. அதே வேளையில் கிரேஸ் விளிம்பை நோக்கி உருள்வதைக் கடைக்கண்ணால் பார்த்தேன். கத்தினேன், என் காதுக்கே கேட்கவில்லை. அவள் விழுந்தாள். விழுந்த சத்தத்தில்தான் என் கை எனக்குத் திரும்பக் கிடைத்தது.

நெற்றி வீங்கியதோடு பிள்ளை தப்பினாள். துணி வெளுக்க வரும் மலாய்க்காரி தீமாவிடம் சைகையால் நடந்ததைச் சொன்னேன். அவள் தன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து அழுத்தி, "கெனா திண்டே" என்றாள். ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த இலவம்பஞ்சுத் திண்டைத்தான் குற்றம் சொல்கிறாள் என்று நினைத்து, அதைத் தூக்கி அவளிடமே கொடுத்துவிட்டேன். எதற்குக் கொடுக்கிறேன் என்று புரியாமலே சந்தோஷமாக வாங்கிப்போனாள். திண்டு போன பிறகும் அது வந்தது. மலாய்மொழியில் அந்தச் சொல்லுக்கு அமுக்குவது என்று பொருள் என்பதைப் பின்னால் அறிந்தேன். நம் பக்கத்தில் அமுக்குவான் பேய் என்கிறோமே, அதைத்தான் அவள் சொல்லியிருக்கிறாள்.

என் கணவர் பயந்துபோனார். "கொஞ்ச நாள் எங்க அம்மாகிட்ட இருந்துட்டு வா, எஸ்தர். ஊர்க்காத்து பட்டா சரியாயிரும்" என்று, பினாங்கிலிருந்து நாகப்பட்டினம் போகிற கப்பலில் துணை பார்த்து எங்களை அனுப்பிவைத்தார். மாமனார் பாளையங்கோட்டையில் சபை உபதேசியார். பேய் பிசாசுக்கு அஞ்ச வேண்டாம் என்று ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்கிறவர். மாமியார் அந்தப் பிரசங்கத்தைத் தலையாட்டிக் கேட்பார். ஆனாலும் கரிசற்காட்டில் பிறந்தவர், அவருக்கென்று சில பயங்கள் இருந்தன. வந்த வாரத்திலேயே நான் உறக்கத்தில் முனகுவதைக் கேட்டுவிட்டார். அதன்பின் நான் பால்கொடுக்கும்போதுகூட எதிரே உட்கார்ந்து என் கண்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்று பிற்பகல் தொட்டிலுக்குக் கீழே பாயில் படுத்திருந்தேன். விழிப்பு வந்தது, உடம்பு வரவில்லை. நெஞ்சில் அதே கனம். அப்போது மாமியாரும் மாமனாரும் உள்ளே வந்தார்கள்.

"உறங்குதா. இப்பவே பேசிருவோம்" என்றார் மாமியார். "மவனுக்கு எழுதிப் போடுங்க. இவ இங்கனயே கிடக்கட்டும். பிள்ளய நான் வளக்கேன்."

"தாய்ட்டயிருந்து பிள்ளயப் பிரிக்கச் சொல்லுதியா?"

"ஒருக்க கீழ போட்டுட்டா. இன்னொருக்க கழுத்துல கைய வச்சிட்டா? அவளுக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

மாமியார் தொட்டிலிலிருந்து கிரேஸை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். என் முகத்துக்கு மேலாக அவள் கால்கள் கடந்துபோயின. எட்டிப் பிடித்துவிடலாம், அவ்வளவு கிட்டத்தில். பிள்ளையைக் கொண்டுபோகாதீர்கள் என்று நான் மன்றாடிக்கொண்டிருக்கிறேன். என் உடம்போ நிம்மதியாக உறங்குகிறவளைப்போல அவர்கள் காலடியில் கிடக்கிறது. தைப்பிங்கில் வந்த நிழலைவிட இது எனக்குப் பயங்கரமாக இருந்தது. இருந்த மூச்சையெல்லாம் திரட்டினேன். ஒரு முனகல் மட்டும் வந்தது.

மாமனார் திரும்பிப் பார்த்தார். குனிந்து என் கண்ணிமையைப் பார்த்தவர், சட்டென்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "எஸ்தர். எழும்பும்மா."

கட்டு அறுந்தது. "பிள்ளயத் தாங்க அத்தே" என்றேன். "கடிதாசி எழுதாதீங்க மாமா. நான் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் கிடந்தேன்."

மாமியாருக்கு முகம் வெளுத்தது. "பாத்தியளா? உறங்குனவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? அதுதான் சொல்லிக்குடுக்கு."

"இல்ல" என்றார் மாமனார். "அவ முழிச்சுத்தான் கிடந்தா. புத்தி முழிச்சிரும், உடம்பு முழிக்காது. எனக்கும் வரும்."

"உங்களுக்கா?"

"கல்யாணத்துக்கு முந்தியே உண்டு."

மாமியார் அவர் பக்கம் திரும்பினார். "பக்கத்துலதான படுத்துக் கிடக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"உபதேசியார அமுக்குவான் அமுக்குதுன்னு நான் யாருகிட்டப் போய்ச் சொல்ல?" என்றார். வேறு யாருக்கோ வருவதாகச் சொல்லி, ஒரு டாக்டரிடம் மட்டும் விசாரித்தாராம். உறக்கத்தில் உடம்பு கட்டுண்டு கிடப்பது எல்லாருக்கும் உள்ளதுதான். சிலருக்கு அந்தக் கட்டு அவிழுமுன் விழிப்பு வந்துவிடும். தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வரும். ஆளைக் கொல்லாது, தானாக விட்டுவிடும் என்று டாக்டர் சொன்னாராம். "சண்டை போடாத. போட்டா இன்னும் இறுக்கும். மூச்சைப் பைய விடு. கால் பெருவிரலை மட்டும் அசைக்கப் பாரு" என்று மாமனார் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். மாமியார் கிரேஸை என் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் என்னிடம் வந்து தணிந்த குரலில் கேட்டார்: "அது வந்துருக்கும்போது வெளிய இருக்கவுக தொட்டா விட்டுருமா?"

"விட்டுரும் அத்தே."

"உங்க மாமாவும் முனகுவாக. சொப்பனம்னு நெனச்சு நான் திரும்பிப் படுத்துக்கிடுவேன்" என்றார். அன்றுமுதல் நாங்கள் கப்பலேறும்வரை, கிரேஸை வைத்துக்கொண்டு என்னைப் பகலில் ஒருக்களித்து உறங்கச் சொல்லுவார். முனகினால் வந்து தோளைத் தொடுவார்.

தைப்பிங்குக்குத் திரும்பி நான்கு வருடமாகிறது. எப்போதாவது இன்னும் வருகிறது. தெரிந்துகொண்டதால் பயம் போய்விடவில்லை. நெஞ்சில் கனம் ஏறும்போது படித்ததெல்லாம் மறந்து, யாரோ நிற்கிறார்கள் என்றுதான் இப்போதும் தோன்றுகிறது. பெருவிரலைத் தேடிக்கொண்டு கிடக்கிறேன். அதற்குள் பெரும்பாலும் கிரேஸ் கண்டுபிடித்துவிடுகிறாள். என் கன்னத்தைத் தட்டி, தீமாவிடம் படித்த மலாயில், எழும்பு எழும்பு என்பதை, "பாங்குன், பாங்குன்" என்கிறாள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் மேலேறி வருகிறேன். வாய் திறந்ததும் வெளிவருவது எங்கள் ஊர்ப் பேச்சு: "முழிச்சிட்டேம்ளா." பெண்பிள்ளைகளோடு பேசும்போது எங்கள் பக்கத்தில் சேர்க்கிற அந்த 'ளா' அவளுக்கு மிகவும் பிடிக்கும். இங்கே மலாய்க்காரர்களும் சீனர்களும் பேச்சின் முடிவில் 'லா' போடுகிறார்கள். அம்மாவும் இந்த ஊர்க்காரிதான் என்று நினைத்து, அவள் என்னைக் கட்டிக்கொள்கிறாள்.