ஒச்சாயி அக்காவின் நாக்கு

ஒச்சாயி அக்கா எங்க பனியன் கம்பெனி மெஸ்ஸுல சமையல். உசிலம்பட்டிப் பக்கம். வீட்டுக்காரர் செத்த பிறகு, தைச்ச பனியன்ல நூல் பிசிறு வெட்டுற வேலைக்குத்தான் வந்துச்சு. அது தூக்குவாளியில் கொண்டுவந்த குழம்பைக் கூடச் சாப்பிட்ட டேபிளே வழிச்சு நக்குனதைப் பார்த்து, முதலாளி கரண்டியைக் கையில் கொடுத்துட்டார். கொதிக்கிற குழம்புல ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில விட்டு நக்கும். "உப்பு பத்தலை" என்னும். போடும். அவ்வளவுதான். பிள்ளை கிடையாது, நிலம் கிடையாது. தன்னுதுன்னு சொல்லிக்க அந்த நாக்குதான்.

எந்நேரமும் தண்ணியில் கை; நகமெல்லாம் மஞ்சளாகிச் சொத்தை விழுந்துச்சு. "ஏனுங்க்கா, ஆர்டர் குடுக்குற ஃபாரின் பையருங்க வர்றப்ப இந்தக் கையோட பரிமாறுனா நல்லாவாங்க இருக்கும்?" என்றார் சூப்பர்வைசர் சசிகுமார். அக்கா டாக்டர்கிட்ட மாத்திரை வாங்குச்சு. இடுப்புல படர்தாமரையும் இருந்துச்சு. அதைக் காட்ட வெட்கப்பட்டு, மெடிக்கல்ல கேட்டு இன்னொரு அட்டை. நகத்துக்கு இது, இடுப்புக்கு அதுன்னு ரெண்டையும் முழுங்குச்சு.

கொஞ்ச நாள்ல சாம்பார் கரிச்சுது.

"அக்கா, கடல்ல எறங்கிச் சமைச்சீங்களா?" என்றேன். ஹாலே சிரிச்சுது.

"ஓவர்லாக் மிஷின்ல குடுத்து உன் வாயைத் தச்சிருவேன்டி!"

மறுநாள் உப்பே இல்லை. நான் சும்மா இருப்பனா? அக்கா டீயில சர்க்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டுட்டுக் கதவுக்குப் பின்னால நின்னேன். முழு டம்ளரையும் குடிச்சுது.

"டீ எப்படிங்க்கா?"

"நல்லாத்தானடி இருக்கு."

எனக்குச் சிரிப்பு வரலை. அன்னைக்கே டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனேன்.

அவர் ரெண்டு அட்டையையும் பக்கத்துல வச்சார். "மேல பெருசா இருக்கறது கம்பெனிக்காரன் வெச்ச பேருங்க. கீழ பொடி எழுத்தைப் பாருங்க. ரெண்டுலயும் டெர்பினாஃபின். நகத்துக்கும் இதேதான், படர்தாமரைக்கும் இதேதான். ஒரே மருந்தை ரெட்டிப்பா முழுங்கியிருக்கீங்க. இது சிலருக்கு ருசியை எடுத்துரும். நிறுத்திருங்க."

"திரும்பி வருமாங்க?" என்றேன்.

"வந்துருமுங்க, மாசக்கணக்காகும். சிலருக்கு…"

"நாளைக்கு நான் என்னத்த வச்சுச் சமைப்பேன்?" அக்கா கேட்டது அது ஒண்ணுதான்.

மறுநாள் அடுப்புக்குப் பக்கத்துல நின்னு, அக்காவுக்குப் பதிலா நான் நக்கிப் பார்த்துச் சொன்னேன். என்னுது பப்ஸ் தின்னு வளர்ந்த நாக்கு, ரசம் கெட்டுச்சு. "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்கங்க்கா" என்றார் சசிகுமார், ரொம்ப மரியாதையா. தாராபுரத்துல இருந்து புதுச் சமையல்காரம்மா வந்துட்டாங்க.

அக்கா இப்ப என் பக்கத்துல உட்கார்ந்து பிசிறு வெட்டுது. நகம் ரோசாக் கலர்ல புதுசா முளைக்குது.

மத்தியானம் என் தட்டைப் பார்த்துக் கேட்டுச்சு. "குழம்பு எப்படிடி?"

"கழுநீருங்க்கா. உங்க கை வருமா?"

அக்கா ஒரு சொட்டை உள்ளங்கையில விட்டு நக்குச்சு. கண்ணை மூடிக் காத்திருந்துச்சு. ரொம்ப நேரம்.

"பொய் சொல்லாதடி. நீ மூணு தடவை குழம்பு வாங்கி ஊத்துனதைப் பார்த்தேன்" என்றது. பனியன் துண்டுல கையைத் துடைச்சுட்டுக் கத்திரியை எடுத்துக்கிச்சு.