பிசாசுக்குப் பாக்கெட் வைத்தவர்

கொடைக்கானல் கடைவீதியில் நசுருதீன் இருபத்தாறு வருஷமாகக் கோட்டு தைத்தார். ஒரே மிஷின், ஒரே கத்திரி. துரைமார்களுக்குத் தைத்தார், அவர்கள் கப்பலேறிய பிறகு எஸ்டேட்காரர்களுக்கும் பஸ் டிரைவர்களுக்கும் தைத்தார். தையல் விட்டுப்போச்சு என்று ஒரு கோட்டுகூடத் திரும்பி வந்ததில்லை. இவ்வளவையும் ஊர் சௌகரியமாக மறந்துவிட்டது. அவர் தைத்ததில் ஊருக்கு ஞாபகமிருந்தது ஒரே ஒரு உடுப்பு. அதைப் போட்டது ஒரு பிசாசு.

ஐம்பத்தொன்பது டிசம்பரில் மதராஸிலிருந்து ஒரு சினிமா கம்பெனி வந்தது. படம் 'கருஞ்சோலைப் பிசாசு'. மஃப்ளருக்குள் இருமிக்கொண்டே வந்த டைரக்டர், கழுத்து முதல் கணுக்கால் வரை கறுப்புக் கம்பளியில் ஒரு உடுப்பு வேண்டும், மூன்றே நாளில் வேண்டும் என்றார். பிசாசாக நடிக்க வேண்டிய பயில்வான் மதுரையிலிருந்து வந்துசேரவில்லை. அளவெடுக்க ஆள் இல்லாவிட்டால் தையற்காரனுக்கு மிச்சமிருப்பது சொந்த உடம்பு. நசுருதீன் தன் தோளை அளந்து, கொஞ்சம் தாராளம் விட்டு வெட்டினார். அவர் குள்ளமான, ஒல்லியான மனுஷர் என்பது அப்போது அவருக்கே தோன்றவில்லை.

பயில்வான் வந்து மாட்டியபோது உடுப்பு முழங்காலோடு நின்றுவிட்டது. முதுகில் ஒரு சாண் திறந்து கிடந்தது. வேறு தைக்கக் கம்பளியும் இல்லை, நாளும் இல்லை. டைரக்டர் பயில்வானைப் பார்த்தார், உடுப்பைப் பார்த்தார், அப்புறம் நசுருதீனைப் பார்த்தார்.

அப்படி அவர் நான்கு நாள் பிசாசானார். முகத்தில் கரியும் வாயில் தேங்காய்ச் சில்லில் வெட்டிய இரண்டு பல்லுமாக வட்டக்கானல் பக்கத்து மலைச்சரிவில் கதாநாயகியைத் துரத்தினார். கடைசி நாள் அவளைப் பாறை விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தியாயிற்று. அவள் அழவேண்டும். மூச்சுவிடாமல் அழுதாள். காற்று ஊசியாக இறங்கியது. பிசாசு நின்றது, நின்றது, பிறகு இரண்டு கையையும் கோட்டுப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டது.

பிசாசின் உடுப்புக்குப் பாக்கெட் ஏன் என்று பிற்பாடு எல்லோரும் கேட்டார்கள். மலைக்குக் கீழே இருப்பவர்கள் கேட்கிற கேள்வி. இந்த மலையில் பாக்கெட் இல்லாமல் எவன் கோட்டு தைப்பான்? துணியை விரித்தால் கை தானாகப் பக்கத்துக்கு ஒன்றாக வெட்டிவிடும். திரும்ப எடுக்க பிலிம் தீர்ந்துபோயிருந்தது. அப்படியே விட்டுவிட்டார்கள்.

படம் மதுரையில் ஒரே வாரத்தில் படுத்தது. படுத்ததை எழுப்பியவர் பழனியில் டூரிங் டாக்கீஸ் வைத்திருந்த திருமலைச்சாமி. ஒரு பிரதியை அடிமாட்டு விலைக்கு வாங்கி, தைப்பூசம், பங்குனி உத்திரம் என்று கூட்டம் சேரும்போதெல்லாம் கொட்டகையில் ஓட்டினார். அதில் என்னதான் இருக்கிறது என்று நசுருதீனுக்கு விளங்கவேயில்லை. நடுச்சாமம் என்கிற காட்சியில் எல்லோர் நிழலும் உச்சிவெயிலில் காலடியில் விழுந்து கிடக்கும். கதாநாயகி ஸ்வெட்டரோடு ஓடி, மரத்தைச் சுற்றி, ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே வருவாள். பேய் பங்களாவுக்குப் பின்னால் பேரிக்காய் மூட்டையோடு ஒரு மட்டக்குதிரை நடந்துபோகும். ஒரே ஒரு இடம் மட்டும் அவருக்கே ஒரு மாதிரியாக இருக்கும். சோலைக்குள்ளிருந்து மூடுபனி கிளம்பி, ஒவ்வொரு மரமாக அழித்துக்கொண்டு திரையை நோக்கி வரும். பாட்டில்லை, மேளமில்லை, போட மறந்துவிட்டார்களாம். கொட்டகையே மூச்சடங்கிக் கிடக்கும். அடுத்த நிமிஷம் தேங்காய்ப் பல்லோடு இவர் வந்து அதைக் கெடுப்பார்.

அதுவரை சனியன் தொலையட்டும் என்று இருந்தவரை அறுபத்தைந்து தைப்பூசம் வேறு விதமாகப் பிடித்தது. அந்த வருஷம் ஒரு போர்டிங் ஸ்கூலில் எண்பது பையன்களுக்குக் கோட்டு தைக்க ஆள் தேடினார்கள். வழக்கமாக மதுரைக்குப் போகிற ஆர்டர். கிடைத்தால் கடைவீதியில் அவரைக் கோட்டுக்காரர் என்று மறுபடி கூப்பிடுவார்கள். நசுருதீன் மாதிரிக் கோட்டு ஒன்று தைத்துக் கொடுத்திருந்தார். வார்டனுக்கு ஒரே நிபந்தனை: பாக்கெட் கூடாது. பையன்கள் பாக்கெட்டில் கைவிட்டு நிற்பது அவருக்கு ஆகாது.

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பே பழனிக்குப் போய்ப் படத்தைப் பார்த்துவந்த ஸ்கூல் ஸ்டோர்கீப்பர் சேனாதிபதி, கடை வாசலில் நின்று சிரித்தார்.

"என்ன பாய், பேய்க்கே பாக்கெட் வச்ச ஆளு நீங்க. எங்க பயலுகளுக்கு வைக்காம இருப்பீங்களா? வார்டன் காதுல விழுந்துச்சு, சோலி முடிஞ்சது."

அந்தத் துண்டு இனி ஓடக்கூடாது என்று நசுருதீன் முடிவுசெய்தார். பூசத்தன்று வெள்ளனே பஸ் பிடித்துப் பழனிக்கு இறங்கினார்.

திருமலைச்சாமி டிக்கெட் கொடுக்கிற பொந்தில் உட்கார்ந்திருந்தார். பிசாசு பாக்கெட்டில் கைவிடுகிற அந்த ஒரு துண்டை மட்டும் வெட்டிவிடும்படி நசுருதீன் கெஞ்சினார். படமே அதுதான் என்றார் திருமலைச்சாமி. அரைமணி வாதாடியதில், இன்றைக்கு ஒரு ஆட்டம் மட்டும் வெட்டிப் பார்க்கலாம் என்று இறங்கிவந்தார். ஆபரேட்டர் நல்லசாமி அந்தத் துண்டை வெட்டி வெற்றிலை டப்பாவில் போட்டு மூடினார். நசுருதீன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மாலை ஆட்டத்துக்கு மணலில் போய் உட்கார்ந்தார்.

பக்கத்தில் ஆடலூரிலிருந்து மிளகு பறிப்பை விட்டுவிட்டுப் பூசத்துக்கு வந்த கந்தம்மாள் என்பவள், மடியில் வறுத்த கடலையோடு. நான்காவது தடவை பார்க்கிறாளாம். பாறை விளிம்பு வந்தது. கதாநாயகி அழ ஆரம்பித்தாள். கொட்டகை முழுக்க, காவடி இறக்கிவிட்டு வந்த கூட்டம், "பாக்கெட்டு, பாக்கெட்டு" என்று தாளம் போட்டது. திரையில் படம் ஒரு குதி குதித்தது. கதாநாயகன் கத்தியோடு ஓடிவந்துவிட்டான்.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு திரைமேல் மணல் வந்து விழுந்தது. காசைத் திருப்பிக் கொடு என்றார்கள். கந்தம்மாள் மட்டும் கத்தவில்லை.

"யாரு வெட்டுனா அத?" என்று இவரையே கேட்டாள். "மத்ததெல்லாம் வேசம். பேயி கையப் பாக்கெட்டுல விட்டுச்சு பாருங்க, அது மட்டும் நெசம். அதுக்கும் குளிருமுல்ல."

நசுருதீன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் முகம் தெரிந்துவிடும்.

மணலுக்குப் பயந்து நல்லசாமி வெற்றிலை டப்பாவைத் திறந்தார். கடைசி ரீல் பாதி ஓடியாயிற்று. பதற்றத்தில் எங்கே வாட்டமாக இருந்ததோ அங்கே ஒட்டினார். திரையில் கதாநாயகன் பிசாசைக் குத்தினான். பிசாசு செத்தது. அதன்மேல் பூவரச மாலையைப் போட்டுப் பூசாரி கற்பூரம் காட்டினார். உடனே பிசாசு பாறை விளிம்பில் எழுந்து நின்று, சாவகாசமாக இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டது.

அந்தமாதிரி விசிலைப் பழனி அதுவரை கேட்டதில்லை. திருமலைச்சாமி அங்கேயே தீர்மானித்துவிட்டார், இனி என்றைக்கும் அது அங்கேதான் என்று. வெட்டச் சொல்லி வந்தவருக்கு ஒரு டப்பா பஞ்சாமிர்தமும் வாங்கிக் கொடுத்தனுப்பினார். நசுருதீன் கோபத்தில் அதைப் பஸ்ஸிலேயே மறந்து வைத்துவிட்டு இறங்கினார்.

நான்கு நாள் கழித்துச் சேனாதிபதி கடைக்கு வந்தார். வார்டன் காதுக்கு எதுவும் போகவில்லை. மாதிரிக் கோட்டு பிடித்துவிட்டது. எண்பதும் நசுருதீனுக்கே. பாக்கெட் மட்டும் நினைப்பிலும் வரக்கூடாது.

அல்லாவுக்கு நன்றி சொல்ல வாயைத் திறந்தவர், வேறெதையோ கேட்டார்.

"காலைல அசெம்பிளிக்கு எம்புட்டு நேரம் நிப்பாங்க?"

"அரை மணி நேரம் நிப்பானுக. எதுக்கு?"

"கைய எங்க வப்பாங்க?"

"கட்டிக்கிட்டு நிக்கட்டும். ஒழுக்கம் வரட்டுமே பாய்."

நசுருதீன் அவரை மேலும் கீழும் பார்த்தார். சேனாதிபதி போட்டிருந்தது மூன்று வருஷத்துக்கு முன் இதே மிஷினில் தைத்த கோட்டு.

"உங்க கை எங்க இருக்குன்னு பாருங்கய்யா."

சேனாதிபதி குனிந்து பார்த்தார். இரண்டும் பாக்கெட்டில் இருந்தன. வெளியே எடுத்தார். வைக்க இடம் தெரியாமல் ஒரு நிமிஷம் தொங்கவிட்டார். பிறகு முகம் கறுத்து, இதையெல்லாம் வார்டனிடம் போய்ச் சொல்ல முடியுமா, சொன்னபடி தைப்பீரா மாட்டீரா என்றார். பாக்கெட் வைத்தால் தைப்பதாக நசுருதீன் சொன்னார். சொன்னது தன் வாய்தானா என்று அவருக்கே எரிச்சலாக இருந்தது.

ஆர்டர் மதுரைக்குப் போனது.

மூன்றாம் நாள் மனைவி அமீருன்னிசா டீயைக் கொண்டுவந்து மிஷின் பலகைமேல் ணங்கென்று வைத்தாள்.

"பேய்க்குப் பாக்கெட் வச்சீங்க, நாலு நாள் கூத்துன்னு விட்டுட்டேன். எம்பது கோட்ட கைய விட்டு விட்டீங்களே, அதுக்கு எந்தப் பேயி வந்து பதில் சொல்லும்?"

நசுருதீன் டீயைக் குடித்துவிட்டு, ஒரு பஸ் டிரைவரின் கோட்டுத் துணியை விரித்து, சாக்குக்கட்டியால் பாக்கெட்டுக்குக் கோடு போட்டார். பக்கத்துக்கு ஒன்று. கொஞ்சம் ஆழமாகவே.