ஜெப எண்ணெய்

என் மகளுக்கு எல்லாம் இரண்டாகத் தெரிகிறது. காரணம் டாக்டருக்கும் பிடிபடவில்லை. இன்று அம்மா ஜெப எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்ததும், அந்த வாசனை என்னைத் நான் வளர்ந்த தேவிகுளம் தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டுக்கு இழுத்துப்போனது.

சிறு வயதில் எனக்குக் கரும்பலகை மங்கலாகத் தெரிந்தது. அம்மா இமையில் இதே எண்ணெயைத் தடவி, அந்த ஞாயிறே சபையில் எழுந்து சாட்சி சொன்னாள். "எம்புள்ளைக்குக் கண்ணு தெளிஞ்சிருச்சு, ஸ்தோத்திரம்."

"இல்லம்மா, தெரியல" என்று சேலையை இழுத்தேன்.

"சபை முன்னாடி என்னையப் பொய்யாக்காத."

என் கண்ணைவிட அவளுக்குச் சாட்சி பெரிதாகிவிட்டது. பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்தெழுதியே குடும்பத்தில் முதல் ஆளாகப் படித்து முடித்தேன்.

"இப்ப ஒண்ணாத் தெரியுதாட்டி?" என்று அம்மா பேத்தியின் இமையில் எண்ணெயைத் தடவிவிட்டுக் கேட்டாள்.

மகள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "தெரியுது" என்றாள்.

நான் எண்ணெயைத் துடைத்தேன். "உங்கம்மா எங்கிட்ட மட்டும் சொல்லு. எத்தன ஆச்சி தெரியுறாங்க?"

காதோடு சொன்னாள்: "ரெண்டு."