ரிசேன் என்றால் ரிசேன்தான்

மாஸ்கிரீதியும் ரிசேனும் ஒரே எண்ணெய் என்று என் சித்தி அல்தாகிராஸிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒரே செடி, ஒரே கொட்டை, ஒரே விளக்கெண்ணெய். கொட்டையைக் கொப்பரையில் கறுக்க வறுத்து, உரலில் இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு வழித்தெடுத்தால் எங்கள் ஊர்ப் பேச்சான கிரியோலில் மாஸ்கிரீதி. ஆலையில் பிழிந்து, குப்பியில் அடைத்து, கப்பலில் வந்து இறங்கினால் பிரெஞ்சில் ரிசேன். முன்னது கறுப்பாக, புகை வாசனையோடு இருக்கும். பின்னது தெளிவாக இருக்கும். நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், இரண்டு மொழியிலும் படித்தவள். இருந்தும் சித்தி நம்புவதாக இல்லை.

"மாஸ்கிரீதி மலைக்காட்டுக்காரங்க தடவுறது. ரிசேன் டாக்டர் எழுதிக் குடுக்குறது. ரெண்டும் எப்படிடி ஒண்ணாகும்?"

"தண்ணிய பிரெஞ்சுல 'ஓ'ன்னு சொன்னா அது வேற தண்ணியா ஆயிடுமா சித்தி?"

"ஆகும். ஓட்டல்ல போய் 'ஓ'ன்னு கேளு, கண்ணாடி டம்ளர்ல ஜில்லுனு வரும். நம்ம பேச்சுல தண்ணின்னு கேளு, வாளியக் காட்டுவான்."

சித்தி ஜாக்மெல் பேருந்து நிலையத்தில் வாழைக்காயும் மீன் பலகாரமும் பொரித்து விற்பவள். தலைநகரம் போகிற ஓட்டுநர்கள் அவள் சட்டியிலிருந்து ஒரு வாய் தின்னாமல் வண்டியை எடுக்க மாட்டார்கள். அவர்கள் சத்தம் போட்டால் இவள் அதைவிடச் சத்தமாகப் போடுவாள். நாள் முழுக்க எண்ணெய்ப் புகையில் நிற்கிற பெண் மாஸ்கிரீதியின் புகை வாசனைக்கு மூக்கைப் பொத்துவதைப் பார்த்தால் எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளத் தோன்றும்.

அவளிடம் இரண்டு டோப்பா இருந்தன. வேலைக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று. டோப்பா சரியாக உட்கார வேண்டும் என்று உள்ளே சொந்த முடியை மண்டையோடு ஒட்டப் பின்னிக்கொள்வாள். அந்தப் பின்னல் புருவத்தையே மேலே தூக்கி நிறுத்தும். எப்போது பார்த்தாலும் ஏதோ கேட்டு ஆச்சரியப்பட்டவள் போலிருப்பாள். இப்படி வருடக்கணக்கில் இழுத்து இழுத்து, நெற்றிப்பொட்டுக்கு மேலே இரண்டு பக்கமும் முடி விடைபெற்றுப் போய்விட்டது.

அதை ஊருக்குச் சொன்னவள் இஸ்மேனி. சித்தியோடு குடும்பம் நடத்தும் தியதோனேயின் அக்கா. மலைப் பக்கத்தில் இருக்கிறாள், மாஸ்கிரீதி காய்ச்சி விற்கிறாள். சித்தியின் மூத்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடந்த விருந்தில் டோப்பா கொஞ்சம் நகர்ந்துவிட்டது. இஸ்மேனி எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "என் தம்பி பொண்டாட்டி முகம் கழுவணும்னா பின்னங்கழுத்து வரைக்கும் கழுவணும் போலிருக்கே!" விருந்தே குலுங்கிச் சிரித்தது. அந்தப் பிள்ளை இப்போது கல்லூரிக்குப் போகிறது. சித்தி இன்னும் அந்தச் சிரிப்பை மறக்கவில்லை.

தியதோனேயும் சித்தியும் இத்தனை காலம் சேர்ந்து வாழ்ந்து, பிள்ளைகளை வளர்த்து, வீடு கட்டினார்களே தவிர மோதிரம் மாற்றிக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். சென்ற வருடம் இருவரும் சபையில் சேர்ந்தார்கள். சித்திக்குப் பாடகர் குழுவில் நிற்க ஆசை. போதகர் ஒரெல் இரண்டு விஷயம் சொன்னார். முறைப்படி கல்யாணம் செய்துகொண்ட பிறகுதான் பாட்டு. அடுத்தது, சபைக்குள் டோப்பா கூடாது, கல்யாணத்தன்றும் கூடாது.

டிசம்பரில் கல்யாணம் என்று முடிவானது. மணப்பெண்ணின் முக்காட்டை உச்சியில்தான் குத்துவார்கள். நெற்றியும் பொட்டும் திறந்துதான் இருக்கும். முன்வரிசையில் மாப்பிள்ளையின் அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"அதுக்குள்ள எனக்கு முடி வந்தாகணும்டி. மதினி இன்னொரு தடவ சிரிச்சா நான் அந்த மேடையிலேயே செத்துடுவேன்."

"பின்னல முதல்ல தளர்த்துங்க சித்தி. வேர் செத்துப்போன இடத்துல எந்த எண்ணெய்யும் ஒண்ணும் பண்ணாது. உயிர் இருக்கற இடத்துல இழுக்காம விட்டா தானா வரும்."

"நீ ரிசேன் எடுத்துட்டு வா. வாயடிக்காத."

கொண்டுவந்து கொடுத்தேன். தினமும் காலையில் இரண்டு விரலால் பொட்டில் தேய்த்தாள். நல்லவேளையாக, போதகருக்குப் பயந்து டோப்பாவைக் கழற்றித் தலைக்குட்டை கட்ட ஆரம்பித்தாள். குட்டைக்கு இறுக்கமான பின்னல் தேவையில்லை. நான் நிம்மதியடைந்தது அதற்காக. அவள் சந்தோஷப்பட்டது குப்பிக்காக.

நடுவில் தலைநகரச் சாலை அடைபட்டது. எங்கள் கடைக்கு ஒரு சரக்கும் வரவில்லை. கடைக்காரி மதாம் தெயோஃபில் யோசித்துப் பார்த்துவிட்டு, இஸ்மேனியிடமிருந்து ஒரு தகரம் மாஸ்கிரீதி வாங்கி, துணியில் வடிகட்டி, காலிக் குப்பிகளில் ஊற்றி, பழைய ரிசேன் ஒட்டுத்தாளையே ஒட்டிவிட்டாள். "பொய்யொண்ணும் இல்லையே, பிரெஞ்சுல அது ரிசேன்தானே" என்றாள். நான் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம்! அதை இப்படித் திருப்பிக் கேட்பேன் என்று நினைக்கவே இல்லை.

அன்று சாயங்காலமே குப்பியைச் சித்தி கையில் கொடுத்து உள்ளது உள்ளபடி சொன்னேன்.

"சித்தி, இது இஸ்மேனி காய்ச்சின எண்ணெய். மாஸ்கிரீதி. ஒட்டுத்தாள் மட்டும்தான் மருந்துக்கடையோடது."

மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். கறுப்பு எண்ணெய். புகை வாசனை அடுத்த தெரு வரைக்கும் போகும். அவள் முகம் மலர்ந்தது.

"இதுதான்டி சரக்கு! போன குப்பியில வாசமே இல்ல. இது பாரு, மருந்து நெடி எப்படித் தூக்குது!"

"அது புகை சித்தி. உங்க மதினி வீட்டு அடுப்புப் புகை."

"போடி விளக்கெண்ணெய். மருந்துக்கடையில உக்காந்துக்கிட்டே மருந்து தெரியல உனக்கு."

நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அக்டோபரில் பொட்டுக்கு மேலே பூனைமுடி மாதிரி ஏதோ தெரிந்தது. வருகிற போகிற பெண்களையெல்லாம் கூப்பிட்டு, குட்டையை விலக்கிக் காட்டினாள். அப்படிக் காட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் சந்தைக்கு வந்த இஸ்மேனி சித்தியின் பலகாரக் கடைமுன் நின்றாள், நானும் அங்கேதான் இருந்தேன். சித்தி அவசரமாகக் குட்டையை இழுத்துவிட்டாள். இஸ்மேனியின் மூக்கு இரண்டு முறை விரிந்தது.

"வாசமா இருக்கே அல்தா. என்ன தடவுற?"

"ரிசேன், மதினி. மருந்துக்கடையிலேர்ந்து."

"ஓஹோ." அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ரிசேன்னா ரிசேன்தான்."

மோட்டார் சைக்கிள் நிற்கிற இடம் வரை அவள் கூடையை நான் தூக்கிப் போனேன். வழியெல்லாம் தோள் குலுங்கச் சிரித்தாள்.

"அந்த ஈட்ட நான் தீய விட்டுட்டேன்டி. அடிபிடிச்ச வாசம். என் கொப்பரைய எனக்குத் தெரியாதா? இத்தன வருஷமா என் எண்ணெய்ய வீட்டுக்குள்ள விட்டதில்ல அவ. இருக்கட்டும். கல்யாணத்தன்னிக்குச் சபையில எல்லார் முன்னாடியும் கேக்குறேன், தலையில என்னம்மான்னு."

"வேணாம்மா, அவங்க தாங்க மாட்டாங்க."

"நான் தாங்கலையா? 'மலைக்காட்டு எண்ணெய்'ன்னு என் கொப்பரையப் பேசினப்போ?"

இதையும் சித்தியிடம் சொன்னேன். "அவளுக்குப் பொறாம" என்று மீனைத் திருப்பிப் போட்டாள்.

கல்யாணத்தன்று காலையில் குப்பி காலி. தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளங்கையில் தட்டிப் பார்த்தாள். கடை பூட்டிக் கிடந்தது. கண்ணாடியில் பொட்டு முடி வறண்டு, சாம்பல் பூத்து, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. வெள்ளை உடையில் உட்கார்ந்தபடி சித்தி அழ ஆரம்பித்தாள். "எல்லாத்துக்கும் ரெண்டு குப்பி வாங்கி வைப்பேன், இதுக்கு மட்டும் வைக்கல" என்று என்னைத் திட்டினாள். என்னை ஏன் திட்டினாள் என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

அப்போது இஸ்மேனி உள்ளே வந்தாள். ஊதாச் சட்டை, தொப்பி, கையில் சோளச்சக்கையால் வாயடைத்த ஒரு ரம் புட்டி.

"என்ன அல்தா, பிரெஞ்சு எண்ணெய் தீர்ந்துபோச்சா?"

இஸ்மேனி அடைப்பைப் பிடுங்கினாள். அறை முழுக்க அந்த வாசனை. சித்தி நிமிர்ந்தாள். மெதுவாக மூச்சை இழுத்தாள். காலிக் குப்பியை எடுத்து மோந்தாள், பிறகு ரம் புட்டியை, மறுபடி குப்பியை. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"மாஸ்கிரீதி" என்றாள் இஸ்மேனி. "மலைக்காட்டுச் சரக்கு. வேணாம்னா மூடிடுறேன்."

வெளியே கார் ஒலி எழுப்பியது. சித்தி தலையைக் குனிந்தாள்.

"கொஞ்சமா ஊத்துங்க மதினி. உடுப்புல படாம."

இஸ்மேனி தன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, விரலில் எண்ணெய் தொட்டு, அந்தப் பூனைமுடியை ஒவ்வொரு கற்றையாகப் படிய வைத்தாள். அவள் கேட்கப் போகிற கேள்வியை இங்கேயே கேட்டுவிட்டாலும் பரவாயில்லை என்றிருந்தது.

"புல்லு மாதிரிக் கிளம்பியிருக்கே" என்றாள். கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று பார்த்தாள். "இனிமே முகத்த நெத்தியோட நிறுத்திக் கழுவலாம்."

சித்தி சிரித்துவிட்டாள். மை கலைந்து, நான் மறுபடி துடைக்க வேண்டியதாயிற்று.

காரில் என் முழங்கையைக் கிள்ளினாள்.

"ஏன்டி முன்னாடியே சொல்லல?"

"சொன்னேனே சித்தி."

"பிரெஞ்சுல சொல்லியிருப்ப."

"கிரியோல்லதான் சொன்னேன்."

"அப்போ மெதுவா சொல்லியிருப்ப. உனக்கு எப்பவும் வாய்க்குள்ளயே பேச்சு."

சபையில் இஸ்மேனி எதுவும் கேட்கவில்லை. மோதிரம் மாற்றி முடிந்து, வாசலில் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தபோது பாடகர் குழுப் பெண் ஒருத்தி சித்தியின் பொட்டு முடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"எவ்வளவு அழகா வந்திருக்கு அக்கா! என்ன தடவுனீங்க?"

சித்தி பக்கத்தில் நின்ற இஸ்மேனியைப் பார்த்தாள். இஸ்மேனி தொப்பியைச் சரிசெய்துகொண்டு வானத்தைப் பார்த்தாள்.

"ரிசேன்" என்றாள் சித்தி. "ஆனா நல்ல ரிசேன் மருந்துக்கடையில கிடைக்காது. எங்க மதினிகிட்டதான் வாங்கணும்."