சிறுவாணி குடித்த கார்

எங்கள் வீட்டில் மனிதர்களெல்லாம் உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தபோது பெரியப்பாவின் கார் மட்டும் சிறுவாணித் தண்ணீர் குடித்தது. இதில் எனக்கு அப்போதே மனக்குறை உண்டு. பல்லடத்துப் போர்த்தண்ணீரில் ஒரு வாய் குடித்தவர்களுக்கு என் குறை புரியும். கோயமுத்தூரில் சொந்தக்காரர் வீட்டிலிருந்து வாராவாரம் இரண்டு கேன் சிறுவாணி வரும். ஒரு டம்ளர் கேட்டால், "அது வண்டிக்குக் கண்ணு" என்று பெரியப்பா கேனைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிடுவார்.

காருக்கு உடம்பு சரியில்லை. இருபது கிலோமீட்டர் ஓடினால் முன்னாலிருந்து ஆவி கிளம்பும். பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் ரேடியேட்டருக்குப் பக்கத்திலிருக்கும் தண்ணீர் டப்பா பொங்கி வழிந்திருக்கும். பெரியப்பா பன்னிரண்டு விசைத்தறி ஓட்டியவர். அத்தனை இரைச்சலிலும் எந்தத் தறிக்கு என்ன கோளாறு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். அதனால் உலகத்தில் உள்ள எல்லா இயந்திரமும் தனக்குக் கட்டுப்பட்டது என்று ஒரு நினைப்பு அவருக்கு. "நம்மூர் உப்புத்தண்ணி உள்ள படிஞ்சு அடைச்சுக்குது. அடைச்சா பிரஷர் ஏறாம என்ன பண்ணும்?" என்று தீர்ப்பு எழுதினார். சிறுவாணி ஊற்றியும் நோய் தீராதபோது பழி ரேடியேட்டர் மூடியின் மேல் விழுந்தது. மூன்று மூடி மாற்றினார். அப்புறம் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்துப் பார்த்தார். அன்றைக்குத் தண்ணீர் டப்பாவுக்குப் போகாமல் பானெட் இடுக்கு வழியாகக் கண்ணாடியிலேயே பீய்ச்சி அடித்தது.

அப்பாவுக்கு வேறு அபிப்பிராயம் இருந்தது. ஆனால் அண்ணன் எதிரில் அபிப்பிராயம் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. ஆகவே ஒரு நாள் விடிந்ததும் மெக்கானிக்கை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார். மெக்கானிக் அப்பாவைவிட மரியாதைக்காரர். பெரியப்பா உப்பைப் பற்றிச் சொன்னதற்கு "சரிதானுங்க" என்றார். மூடியைப் பற்றிச் சொன்னதற்கும் "சரிதானுங்க" என்றார். பிறகு ரேடியேட்டருக்குப் போகும் தடித்த ரப்பர் குழாயைக் காட்டி, "இதைக் கொஞ்சம் அமுக்கிப் பாருங்க" என்றார். பெரியப்பா அமுக்கினார். கொழகொழவென்று அமுங்கியது. நானும் அமுக்கினேன்.

வண்டியைக் கிளப்பி இரண்டு நிமிஷம் ஆனதும் மறுபடியும் அமுக்கச் சொன்னார். குழாய் இன்னும் ஜில்லென்றுதான் இருந்தது. ஆனால் கல்லாகிவிட்டிருந்தது. என் இரண்டு கையாலும் அசைக்க முடியவில்லை. டப்பாவுக்குள் வேறு குபுகுபுவென்று குமிழி வந்தது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"சூடேறுனாத்தானுங்க தண்ணி பிரஷர் கட்டோணும். வண்டி இன்னும் சூடே ஆகலைங்களே" என்றார் மெக்கானிக். "இன்ஜினுக்குள்ள எரியற கேஸு தண்ணிக்குள்ள பூந்துக்குதுங்க. குமிழி அதானுங்க. இன்ஜின் தலைக்கு அடியில அடைச்சு வெக்கற தகடு, ஹெட் கேஸ்கட், போயிருச்சு. மேல பிரிச்சாத்தானுங்க ஆகும்."

பெரியப்பா தன் வயிற்றைக் கிழிக்கச் சொன்னது போலப் பின்னால் நகர்ந்தார். "கம்பெனியில முடுக்குன போல்ட்டுங்க அது. ஒருக்கா பிரிச்ச இன்ஜின் பிரிச்ச இன்ஜின்தான். இன்னொரு மூடி மாத்திப் பாத்துக்கலாம்."

"அதுவும் சரிதானுங்க" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் மொபட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

இதெல்லாம் நடந்தபோது சத்தியமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருந்த பெரியப்பாவின் மகளுக்கு, எங்கள் அக்காவுக்கு, எட்டு மாதம் முடிந்திருந்தது. தலைப்பிரசவம். அவளை வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும், வலி கண்டால் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வாடகைக் கார் வைத்துக்கொள்ளலாம் என்று அப்பா வாயைத் திறந்தார். "வாசல்ல சொந்த வண்டிய நிறுத்திப்போட்டு வாடகை வண்டியா?" என்ற ஒரே கேள்வியில் மூடிக்கொண்டார்.

பெரியப்பா, அப்பா, நான் மூன்று பேரும் போனோம். போகும்போது நான்கு இடத்தில் நிறுத்தி வண்டிக்குச் சிறுவாணி புகட்டினோம். திரும்பும்போது கேன் காலி. புளியம்பட்டி தாண்டியதும் வண்டி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. மே மாதத்து மத்தியானம். சம்பந்தி வீட்டார் மடி நிறையக் கட்டிக்கொடுத்த பலகாரத்தோடு அக்கா ஒரு வேப்பமரத்து நிழலில், மைல்கல்மேல் உட்கார்ந்தாள். முகம் சிவந்து, வேர்த்துக் கொட்டி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரியப்பா ஓடி ஓடி வண்டிகளுக்குக் கை காட்டினார். பஸ்காரன் நிறுத்தவில்லை. கடைசியில் கறிக்கோழி இறக்கிவிட்டுப் பல்லடம் திரும்பிக்கொண்டிருந்த வேன் ஒன்று நின்றது.

அப்பா காருக்குக் காவலாக அங்கேயே நின்றுகொண்டார். அக்காவும் நானும் டிரைவர் பக்கத்தில் ஏறினோம். பெரியப்பாவுக்குப் பின்னால், காலிக் கூண்டுகளுக்கு நடுவில்தான் இடம். வீட்டு வாசலில் இறங்கியபோது அவருடைய வெள்ளைச் சட்டையெல்லாம் இறகு. அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏனுங்கப்பா, வலி வந்தாலும் இந்தக் கோழி வண்டியத்தான் வரச் சொல்லோணுமாட்ட இருக்குதுங்க" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை. கோழி நாற்றம் குமட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, காரைக் கயிறு கட்டி இழுத்து வந்து வாசலில் நிறுத்தியிருந்தபோது, அவரே பேச்சை எடுத்தார். "மெக்கானிக் ஒண்ணு சொல்றாரு, நான் ஒண்ணு சொல்றேன். சாமிகிட்டயே கேட்டுப்போடலாம்."

எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டவும் பெண்ணெடுக்கவும் சாமியிடம் பூக் கேட்பது உண்டு. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டு, விவரம் தெரியாத பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் காரியத்தைச் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. கார் இன்ஜினைப் பிரிக்கப் பூக் கேட்டது எனக்குத் தெரிந்து நாங்கள்தான். எங்கள் வீட்டில் விவரம் தெரியாத பிள்ளை நான்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பொட்டலம் கட்டுவது பூசாரியின் வேலை. அன்று பெரியப்பா வீட்டிலேயே கட்டி, மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். "என்ன காரியத்துக்குங்க?" என்று பூசாரி கேட்டார். "ஹெட் கேஸ்கட்டுக்குங்க" என்றார் பெரியப்பா. பூசாரி மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் மணியை அடித்தார். நான் வெள்ளை வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வண்டி சரியாகிவிட்டால் சிறுவாணி எனக்குத்தானே!

எடுத்தேன். பிரித்தார்கள். நந்தியாவட்டை, வெள்ளை வெளேரென்று.

அப்பா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமியே சொல்லிப்போட்டா அப்புறம் நாம பேச என்ன இருக்குது? மெக்கானிக்க வரச் சொல்லு" என்று அப்பாவிடம் சொன்னார்.

பெரியவர்கள் பிரசாதம் வாங்கப் போனபோது நான் மற்ற பொட்டலத்தையும் எடுத்துப் பிரித்தேன். அதிலும் வெள்ளை. எனக்குப் புல்லரித்துவிட்டது. ஓடிப்போய்ப் பெரியப்பாவிடம் காட்டினேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதை வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"சாமி ரெண்டு தடவ சொல்லிருக்குது கண்ணு. ரெண்டாந்தடவ சொன்னது உனக்கும் எனக்கும் மட்டும். யாருகிட்டயும் சொல்லீராத."

சொல்லவில்லை. மெக்கானிக் இன்ஜினைப் பிரித்து எடுத்துக் காட்டிய கேஸ்கட் ஓரிடத்தில் கரிந்து ஓட்டையாகியிருந்தது. "நீங்க சொன்னாப்புல உப்பும் கொஞ்சம் படிஞ்சுதானுங்க இருக்குது" என்று பெரியப்பாவுக்கும் ஒரு பங்கு கொடுத்தார். பன்னிரண்டாம் நாள் அக்காவுக்கு வலி கண்டது. அதே காரில், துளி ஆவி இல்லாமல், கோயமுத்தூர் போய்ச் சேர்ந்தோம். பெண் குழந்தை. ஆஸ்பத்திரி வாசலில் பெரியப்பா மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சாமியே ரகசியம் சொன்ன பிள்ளை என்ற பெருமையோடு நான் பல வருஷம் நடமாடினேன். பிளஸ் ஒன்னில் கணக்கு வாத்தியார் நிகழ்தகவு நடத்தியபோதுதான், ஒரு பொட்டலத்தில் வெள்ளையும் இன்னொன்றில் சிவப்பும் இருந்தால் இரண்டிலும் வெள்ளை வர வழியே இல்லை என்று மண்டையில் உறைத்தது. வகுப்பில் வாய்விட்டுச் சிரித்து வெளியே நிறுத்தப்பட்டேன். அங்கே நின்றபோது சிரிப்பு நின்றுவிட்டது. மைல்கல்மேல் இடுப்பைப் பிடித்தபடி மகள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அந்த மனிதர் எவ்வளவு பயந்துபோயிருந்தார் என்பதும், ஒரு மெக்கானிக்கிடம் தோற்கத் தெரியாமல் சாமியிடம் போய்த் தோற்றுவிட்டு வந்தார் என்பதும், கையில் இரண்டாவது பொட்டலத்தோடு நின்ற எனக்கு அன்று தெரியவில்லை.